திரையைவிட்டு இறங்கியும் இறங்காத பேனல்கள்: ஒரு தகவல் பலகையைப் பழுதுபார்த்த பதிவு

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சமூகக் கூடத்தின் முகப்பில் தொலைக்காட்சித் திரை ஒன்று மாட்டியிருக்கிறது. அதன் முதுகில் 2 ஜிபி மெமரி கொண்ட ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி. இனி அதைப் பை என்றே சொல்கிறேன். அதில் குரோமியம் ப்ரௌசர் ஒரே ஒரு பக்கத்தை முழுத்திரையில் திறந்து வைத்திருக்கும். அந்தப் பக்கத்தில் ஐந்து பேனல்கள் தலா 30 விநாடி மாறி மாறி வரும்: வாசல் நிறுத்தத்துக்கு வரப்போகும் பேருந்துகள், வானிலையும் காற்றுத் தரமும், பஞ்சாங்கம், கூடத்து அறிவிப்புகள், விழாப் படங்கள். ஒவ்வொரு பேனலும் தனி மாட்யூல், தனி ஃபோல்டர். எழுதிய தொண்டூழியர்களும் வேறு வேறு ஆட்கள். இவற்றை ஏற்றி இறக்கும் சின்ன நிரல் ஒன்று நடுவில் உண்டு. அதை ஹோஸ்ட் என்று வைத்துக்கொள்வோம்.

காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மாலை நெருங்க நெருங்கத் தடுமாறும். பேனல் மாறும்போது திரை உறைந்து நிற்கும். பேருந்து நிமிடங்கள் முன்னும் பின்னும் குதிக்கும். இரவு 8 மணி வாக்கில் சில நாள் சோக முகம் போட்ட குரோமியத்தின் பிழைப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். யாராவது சுவிட்சை அணைத்துப் போடுவார்கள், மறுநாள் காலை பழையபடி ஓடும். அலுவலகத்து அக்காவின் புகார்தான் இருந்ததிலேயே துல்லியமான தடயம்: "3 நிமிஷம்னு போட்டிருக்கு தம்பி, பஸ்ஸு எப்பவோ போயிடுச்சு. திடீர்னு 9ங்குது, உடனே திரும்ப 3ங்குது. எதைத்தான் நம்புறது?"

அணைத்துப் போட்டால் சரியாகும் கோளாறு என்றால் எங்கோ ஏதோ சேர்ந்துகொண்டே போகிறது என்று அர்த்தம். பேருந்துப் பேனலை எழுதியவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், கெட்டிக்காரப் பையன். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். "ஜாவாஸ்கிரிப்ட்ல கார்பேஜ் கலெக்டர் இருக்கே அண்ணே, அது பாத்துக்காதா? இல்லாட்டி ராத்திரி ஒரு ரீஸ்டார்ட் போட்டுட்டா போச்சு."

கலெக்டர் பார்த்துக்கொள்ளாது. மெமரியில் கிடப்பவற்றில், எங்கிருந்தும் எட்ட முடியாத பொருளைத்தான் அது பெருக்கித் தள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் டைமரை ப்ரௌசர் பிடித்திருக்கிறது. டைமர் ஒரு ஃபங்ஷனைப் பிடித்திருக்கிறது. அந்த ஃபங்ஷன் பேனலின் மாறிகள், டேட்டா, கழற்றி எறிந்த திரைப்பகுதி எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. கலெக்டர் கண்ணுக்கு இது குப்பையே இல்லை, புழக்கத்தில் இருக்கும் சாமான். இரவு ரீஸ்டார்ட் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் இதுவல்ல.

கருவியைக் கையில் எடுக்குமுன் காகிதத்தில் ஒரு கணக்கு

ஐந்து பேனல், தலா 30 விநாடி. ஒரு சுற்று 150 விநாடி. மணிக்கு 24 சுற்று. காலை 8 மணிக்குக் கூடம் திறந்தால் மாலை 6 மணிக்குள் ஒவ்வொரு பேனலும் 240 தடவை ஏறி இறங்கியிருக்கும்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவை பேருந்து வருகை நேரங்களை 20 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. அதனால் பேனலும் 20 விநாடிக்கு ஒருமுறை கேட்கும்படி எழுதப்பட்டிருந்தது. டைமர் ஒன்றே ஒன்றாக இருந்தால் நிமிடத்துக்கு மூன்று கோரிக்கை. ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு டைமர் தங்கிவிட்டால் மாலை 6 மணிக்கு 240 டைமர், நிமிடத்துக்கு 720 கோரிக்கை.

டேட்டாமாலை அணுகும் ரகசியச் சாவியை ப்ரௌசரில் வைக்க முடியாது என்பதால் அதே பையில் ஒரு சிறிய நோட் சர்வர் (நோட் என்பது ஜாவாஸ்கிரிப்டை ப்ரௌசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) நடுவில் நின்று கோரிக்கைகளைக் கடத்துகிறது. நடந்ததை அது எழுதி வைக்கும் லாகை நிமிட வாரியாக எண்ணிப் பார்த்தோம். வரைபடம் போட்டிருந்தால் ஸ்கேலால் கோடு இழுத்தது மாதிரி வந்திருக்கும்: காலையில் மூன்று, நண்பகலில் முந்நூறுக்குப் பக்கம், மாலையில் எழுநூறைத் தொட்டது. ப்ரொஃபைலர் போன்ற ஆய்வுக் கருவி எதையும் திறக்காமலே முதல் குற்றவாளி கிடைத்துவிட்டார். எடுத்ததை விடாமல் சேர்த்துக்கொண்டே போகும் கசிவு என்று சந்தேகம் வந்தால் முதலில் தேட வேண்டியது இப்படி நேர்கோட்டில் ஏறும் எண்ணைத்தான். மெமரி வரைபடம் கலெக்டரின் வேலையால் ஏறி இறங்கிக் குழப்பும். கோரிக்கை எண்ணிக்கை குழப்பாது.

அன்றைக்கே செய்த முதலுதவி, சர்வரில் 20 விநாடி கேஷ் போட்டது, அதாவது வந்த பதிலையே 20 விநாடிக்குத் திரும்பத் திரும்பக் கொடுப்பது. பொதுச் சேவை ஒன்றை நம் பிழைக்காக நிமிடத்துக்கு எழுநூறு தடவை தட்டுவது மரியாதை இல்லை. கேஷ் வந்ததும் வெளியே போவது நிமிடத்துக்கு மூன்றாகக் குறைந்தது. உள்ளே உள்ள சிக்கல் அப்படியே இருந்தது.

3, 9, 3 என்று குதித்தது எப்படி

பேருந்துப் பேனலில் இரண்டு டைமர். ஒன்று 20 விநாடிக்கு ஒருமுறை டேட்டா கேட்கும். இன்னொன்று ஒவ்வொரு விநாடியும், தன் கையில் இருக்கும் டேட்டாவை வைத்து நிமிடங்களைக் கணக்கிட்டுத் திரையில் எழுதும். சேவை தருவது நிமிடக் கணக்கு அல்ல, வருகை நேரத்தின் முத்திரை. அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். பேனல் இறங்கும்போது இரண்டு டைமரையும் யாரும் நிறுத்தவில்லை.

இறங்கிய பேனலின் டைமர் தன் பழைய, கழற்றப்பட்ட திரைப்பகுதியில் எழுதியிருந்தால் கேடு குறைவு, யார் கண்ணிலும் படாது. ஆனால் நிரல் ஒவ்வொரு தடவையும் பேருந்துப் பட்டியலை ஐடி சொல்லித் தேடி எடுத்துத்தான் எழுதியது. 239 பழைய டைமர்களும் இப்போது திரையில் இருக்கும் புதுப் பேனலின் பட்டியலைத்தான் கண்டுபிடித்தன. எல்லாமே அதில் எழுதின.

ஒரே டேட்டா என்றால் எல்லாம் ஒரே எண்ணைத்தானே எழுத வேண்டும்? இங்கேதான் இன்னொரு வரம்பு குறுக்கே வருகிறது. எச்டிடிபி 1.1-இல் குரோமியம் ஒரு முகவரிக்கு ஒரே சமயத்தில் ஆறு இணைப்புதான் திறக்கும். மிச்சம் வரிசையில் நிற்கும். கேஷ் போடுவதற்கு முன் ஒரு பதிலுக்கு அரை விநாடி பிடிக்கிறது என்று வையுங்கள். ஆறு இணைப்பில் விநாடிக்கு 12 பதில். நிமிடத்துக்கு 720 என்பதும் விநாடிக்கு 12தான். அந்தக் கோட்டைத் தாண்டியதும் வரிசை நீண்டுகொண்டே போகும், சில டைமர்களின் கையில் இருப்பது பல நிமிடம் பழைய டேட்டா. ஒன்று பேருந்து 6:07க்கு வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றுக்கு அந்தப் பேருந்து முன்னமே போய்விட்டது என்று தெரியும், அது அடுத்ததைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே விநாடிக்குள் ஒரே இடத்தில் எழுதினால் அக்கா சொன்னதுதான் நடக்கும்.

இத்தனை நடந்தும் கன்சோலில் ஒரு சிவப்பு வரி இல்லை. காரணம் ஒரு பாதுகாப்பு வரி: பட்டியல் திரையில் இல்லையென்றால் சத்தமில்லாமல் திரும்பிவிடு. அந்த வரி இல்லாதிருந்தால், பேனல் இறங்கிய அடுத்த விநாடியே பிழை வந்து முதல் நாளிலேயே மாட்டியிருக்கும். "இல்லையென்றால் திரும்பு" என்று எழுதுமுன் ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்பது நல்லது. இல்லாத இடத்தில் எழுத ஒரு ஃபங்ஷன் வந்து நிற்கிறது என்றாலே, அது இருக்கக்கூடாத நேரத்தில் உயிரோடு இருக்கிறது.

மற்ற பேனல்கள்

பையில் குரோமியத்தை ரிமோட் டிபக்கிங் போர்ட்டோடு ஓடவிட்டு, எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக என் லேப்டாப்பிலிருந்து ப்ரௌசரின் ஆய்வுக் கருவியான டெவ்டூல்ஸைத் திறந்தோம். முதலில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர். டாம் நோட்களும் (பக்க மரத்தின் உறுப்புகள், நோட் சர்வர் வேறு) லிசனர்களும் (ஒரு ஈவன்டுக்காகக் காத்திருக்கும் ஃபங்ஷன்கள்) எத்தனை என்று ஓடிக்கொண்டே காட்டும். பிறகு ஹீப் ஸ்னாப்ஷாட், ஜாவாஸ்கிரிப்ட் மெமரியை எடுக்கும் படம்: பலகை சூடானபின் ஒன்று, சில சுற்று கழித்து ஒன்று, இன்னும் சில சுற்று கழித்து ஒன்று. ஸ்னாப்ஷாட் எடுக்குமுன் ப்ரௌசரே கலெக்டரை ஓடவிடும், அதனால் மிஞ்சி நிற்பது உண்மையிலேயே யாரோ பிடித்து வைத்திருப்பது. தேடல் பெட்டியில் 'டிடாச்ட்' என்று போட்டால் மரத்திலிருந்து கழற்றப்பட்டும் சாகாத நோட்கள் வரிசையாக வரும். ஒன்றைத் தட்டினால் அதைப் பிடித்திருப்பது யார் என்ற சங்கிலி கீழே விரியும். மேலிருந்து கீழே பொறுமையாகப் படித்தால் போதும், முதலில் கண்ணில் படும் நம் சொந்த ஃபங்ஷன் பெயர்தான் ஆள்.

அறிவிப்புப் பேனல் எனக்குப் பிடித்த வகைப் பிழை. அதில் இறங்கும்போது எடுத்ததை விடும் க்ளீனப் இருந்தது, ஒழுங்காக அழைக்கவும் பட்டது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை. புது அறிவிப்பு வந்தால் விண்டோவில் ஒரு ஈவன்ட் எழும். பேனல் தன் வரையும் ஃபங்ஷனை 'பைண்ட்' செய்து, அதாவது தன்னோடு கட்டி, லிசனராகப் போட்டது. இறங்கும்போது அதே ஃபங்ஷனை மறுபடி 'பைண்ட்' செய்து நீக்கச் சொன்னது. 'பைண்ட்' ஒவ்வொரு முறையும் புதிய ஃபங்ஷனைத் தரும். பட்டியலில் இல்லாத ஒன்றை நீக்கச் சொன்னால் ப்ரௌசர் பிழையும் சொல்லாது, எச்சரிக்கவும் செய்யாது. நோட் சர்வர் பக்கத்தில் ஈவன்ட்களை எழுப்பும் ஈவன்ட்எமிட்டர் என்றால் ஒரே ஈவன்டுக்கு பத்துக்கு மேல் லிசனர் சேர்ந்ததும் கசிவோ என்று எச்சரிக்கும். ப்ரௌசரில் அந்தக் கருணை இல்லை. நிரலைப் படித்தால் சரியாகத்தான் தெரியும். எண்ணிப் பார்த்தால்தான் மாட்டும்.

வானிலைப் பேனல் இன்னும் நுட்பம். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் இரண்டு மணி நேர முன்னறிவிப்பையும், ஐந்து வட்டாரங்களுக்கான காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையும் காட்டும். குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, பேனல் நிறம் மாறும். புகைமூட்டக் காலத்தில் ஆட்கள் நின்று பார்ப்பது இதைத்தான். இதன் டைமர் தன்னைத் தானே நீட்டித்துக்கொள்ளும் ரகம்: கேள், பதில் வந்ததும் அடுத்ததற்கு டைமர் வை. இறங்கும்போது டைமரை நீக்கும் வரி இருந்தது. ஆனால் பதில் வந்து சேருமுன் பேனல் இறங்கிவிட்டால், அந்த நேரத்தில் நீக்குவதற்கு டைமரே இல்லை. வழியில் ஒரு கோரிக்கைதான் இருக்கிறது. பேனல் இறங்கியபின் பதில் சாவகாசமாக வரும், வந்து புதிய டைமரை வைக்கும், அதன்பின் அதை நிறுத்த யாரும் இல்லை.

பேனல் திரையில் இருப்பது 30 விநாடி. பதில் வருவது ஒரு விநாடிக்குள். அதனால் காலையில் சோதித்தால் இந்தப் பிழை வராது. பேருந்துப் பேனல் ஆறு இணைப்புகளையும் அடைத்து வைத்த மாலை வேளையில்தான் வானிலைப் பதில் 30 விநாடிக்கு மேல் பிந்தும், அப்போதுதான் இதுவும் கசியத் தொடங்கும். பேருந்துப் பிழையை மட்டும் சரிசெய்திருந்தால் இது மறைந்துபோயிருக்கும், எங்காவது நெட்வொர்க் மந்தமாகும் நாள் வரை.

படப் பேனலை ஹீப் ஸ்னாப்ஷாட்டில் பிடிக்கவே முடியவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் சுத்தம், ஆனால் பையின் மெமரி ஏறிக்கொண்டே போனது. சர்வரிலிருந்து படத்தை ப்ளாபாக (வெறும் பைட்டுகளின் மூட்டையாக) இறக்கி, அதற்கு ஒரு தற்காலிக முகவரி உருவாக்கி, படத்தில் பொருத்தும் முறை அது. அந்த முகவரியை நாமே ரத்து செய்யாதவரை, பக்கம் மூடப்படும்வரை, ப்ரௌசர் அந்த பைட்டுகளை விடாது. அவை இருப்பது ஜாவாஸ்கிரிப்ட் ஹீப்புக்கு வெளியே. ஒரு படம் 300 கிலோபைட், ஒரு ஏற்றத்துக்கு ஆறு படம், மணிக்கு 24 ஏற்றம்: மணிக்கு 43 எம்பி சொச்சம். பத்து மணி நேரத்தில் 430 எம்பி. 2 ஜிபி பையில், பழைய பேனல்களின் சுமையோடு சேர்ந்து, இதுதான் இரவு எட்டு மணிச் சோக முகம். இயங்குதளத்தின் கர்னல் லாகில் மெமரி போதாமல் ப்ராசஸைக் கொன்ற வரி இருந்தது.

பஞ்சாங்கப் பேனல் ஒரு ஃபைலைப் படித்துக் காட்டும், அவ்வளவுதான். டைமர் இல்லை, லிசனர் இல்லை. அதைத் தொடவில்லை.

பொறுப்பை இடம் மாற்றியது

ஒவ்வொரு பேனலிலும் விட்டுப்போன வரியைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படிச் செய்தால் அடுத்து யாராவது எழுதும் ஆறாவது பேனல் மறுபடி கசியும். பேனல்களில் கண்ட பிழைகளைத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே வடிவம்: எடுப்பது ஓரிடத்தில், விடுவது நூறு வரி தள்ளி இன்னோர் இடத்தில். நடுவில் யாராவது ஒரு டைமரைக் கூட்டினால் கீழே போய் அதை நீக்கும் வரியைக் கூட்ட மறக்கத்தான் செய்வார்கள். மனித இயல்பைத் திட்டிப் பயனில்லை.

அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் கல்யாணக் கூடாரம் போடும் ஒப்பந்தக்காரரைப் பார்த்திருப்பீர்கள். லாரியில் ஏற்றும்போதே சாமான் பட்டியல் அவர் கையில் இருக்கும், கடைசியாகக் கட்டியதை முதலில் அவிழ்த்து, பட்டியல்படி திரும்ப ஏற்றுவார். கல்யாண வீட்டார் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. ஹோஸ்ட்டை அந்த ஒப்பந்தக்காரராக மாற்றினோம்.

பேனலை ஏற்றும்போது ஹோஸ்ட் ஒரு பேரேட்டை உருவாக்கி அதன் கையில் கொடுக்கிறது. டைமர் வேண்டுமா, பேரேட்டிடம் கேள். லிசனர் போட வேண்டுமா, பேரேடு வழியாகப் போடு. நெட்வொர்க் கோரிக்கையும் அதன் வழியே. வேறு ஏதாவது பிடித்தால், அதை விடும் ஃபங்ஷனை அதே வரியில் பேரேட்டில் எழுது. பேனலில் தனியாக க்ளீனப் ஃபங்ஷனே கிடையாது. இறக்கும் நேரம் வந்தால் ஹோஸ்ட் பேரேட்டை மூடும். அவ்வளவுதான் பேனல் எழுதுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

பேரேட்டின் உள்ளே எழுதிய நிரல் எண்பது வரிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மூடும்போது முதல் வேலை, கோரிக்கைகளைக் கைவிடச் சொல்லும் அபார்ட் சிக்னலைத் தட்டுவது. வழியில் உள்ள கோரிக்கைகள் அங்கேயே வெட்டுப்படும். வானிலைப் பேனலின் நோய்க்கு இதுதான் மருந்து, ஆனால் இது மட்டும் போதாது. பதில் வந்துவிட்டது, அதில் உள்ள ஜேசன் வடிவ டேட்டாவைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மூடப்பட்டது என்றால்? அதனால் மூடப்பட்ட பேரேட்டில் யாராவது புதிதாக எதையாவது எழுதினால், அது அந்த நொடியே அதை விடுவித்துவிடும், கூடவே எச்சரிக்கையும் எழுதும். பிந்தி வந்தவர் வைத்த டைமர் பிறந்த உடனே சாகும். நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் எடிட்டரின் உள்நிரலில் இதே இடத்தில், மூடிய கிடங்கில் சேர்க்கிறாய், இது கசியும் என்று எச்சரிக்கிறார்கள். நான் ஒரு படி மேலே போய் விடுவித்தே விடச் சொன்னேன். பலகைக்கு முன்னால் எச்சரிக்கையைப் படிக்க ஆள் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

அடுத்தது, எழுதிய வரிசைக்குத் தலைகீழாக விடுவிப்பது. பின்னால் வந்தது முன்னால் வந்ததைச் சார்ந்திருக்கும். கேன்வாஸை முதலில் எடுத்துவிட்டு அதில் வரையும் அனிமேஷனை அப்புறம் நிறுத்தினால், நடுவில் ஒரு ஃப்ரேம் இல்லாத கேன்வாஸில் வரையப் போகும்.

ஒவ்வொரு விடுவிப்பும் தனித்தனி பாதுகாப்புக்குள் ஓடும். மூன்றாவதில் பிழை வந்தாலும் நான்காவது நடந்தே ஆக வேண்டும். பிழைகள் எல்லாம் சேர்ந்து கடைசியில் பேனல் பெயரோடு லாகுக்குப் போகும். இரண்டு தடவை மூடினால் இரண்டாவது தடவை ஒன்றும் நடக்காது. காத்திருக்க வேண்டிய விடுவிப்புகளுக்கு இரண்டு விநாடி கெடு, அதற்குள் முடியாவிட்டால் லாகில் எழுதிவிட்டு ஹோஸ்ட் அடுத்த பேனலுக்குப் போகும். ஒரு பேனலின் பிடிவாதத்துக்காகப் பலகை நிற்கக்கூடாது.

பலரும் மறக்கும் ஒன்று: பாதி ஏறி விழுந்த பேனல். டைமர் வைத்தாகிவிட்டது, லிசனர் போட்டாகிவிட்டது, அடுத்த வரியில் பிழை. பேனல் ஏறவே இல்லை என்பதால் அதை இறக்கவும் யாரும் கூப்பிட மாட்டார்கள். பழைய முறையில் இது நிச்சயக் கசிவு. பேரேடு இருந்தால், ஏற்றத்தில் பிழை வந்ததும் அதுவரை எழுதியதை மூடினால் போதும்.

இதில் என் சொந்தக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. பைத்தான் 3.3-இல், 2012-இலேயே, எக்ஸிட்ஸ்டாக் என்ற பெயரில் இதே தலைகீழ் அடுக்கு இருக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் 5.2-இல், 2023-இல், 'யூசிங்' என்ற அறிவிப்பு வந்தது. ஒரு ப்ளாக் முடிந்ததும் பொருளைத் தானே விடுவிக்கும். "அதையே போட்டுக்கலாமே" என்றார் பேருந்துப் பேனலை எழுதிய தம்பி. பேனலின் ஆயுள் ஒரு ப்ளாக்குக்குள் முடிவதில்லை. இப்போது ஏற்றி, அரை நிமிடம் கழித்து வேறொரு ஃபங்ஷனிலிருந்து இறக்குகிறோம். அதற்கு அடுக்கு வகைதான் தோது.

ஃபைனலைசேஷன்ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் 2021-இல் வந்தது. பொருளை கலெக்டர் எடுத்தபின் நமக்குச் சொல்லும். அதில் க்ளீனப் செய்யலாமே என்று தோன்றும், செய்யக்கூடாது. எப்போது கூப்பிடும் என்று உறுதி இல்லை, கூப்பிடும் என்பதற்கே உறுதி இல்லை. ஜாவா 2017-இல், 9-ஆம் பதிப்பில், பொருள் சாகுமுன் கூப்பிடப்படும் ஃபைனலைஸைக் கைவிடச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே தலைவலிக்காகத்தான். நான் அதை மணியடிக்க மட்டும் வைத்தேன்: சோதனை நேரத்தில் இறங்கிய பேனல்களில் எத்தனை இன்னும் கலெக்டர் கைக்குப் போகவில்லை என்று எண்ணிக் காட்டும்.

பேனல் ஃபோல்டருக்குள் நேரடியாக டைமர் வைப்பதையும் லிசனர் போடுவதையும், நிரலில் விதி மீறலைச் சுட்டும் ஈஎஸ்லின்ட்டில் தடை செய்தோம். விதி என்று வாயால் சொன்னால் அடுத்த தொண்டூழியருக்குத் தெரியாது. லின்ட் சிவப்புக் கோடு போட்டால் தெரியும்.

ஏற்று, இறக்கு, எண்ணு

வலைப்பக்கங்களைக் கட்டும் நிரலகமான ரியாக்ட்டின் 18-ஆம் பதிப்பு, 2022-இல், ஸ்ட்ரிக்ட் மோடில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தது: டெவலப்மென்ட்டில் ஒவ்வொரு கம்போனென்ட்டையும் ஏற்றி, உடனே இறக்கி, மறுபடி ஏற்றும். பலருக்கு எரிச்சலாக இருந்தது, எனக்கு அது நல்ல முரட்டுத்தனமாகப் பட்டது. ஹோஸ்ட்டிலும் அதையே வைத்தோம். பேனலை எழுதுபவர் தன் லேப்டாப்பில் முதல்முறை திறக்கும்போதே பேனல் ஒரு தடவை செத்துப் பிழைத்துவிடும்.

அதற்கு மேல் ஒரு தானியங்கிச் சோதனை. ப்ரௌசரை நிரலால் ஓட்டும் பப்பெட்டியரில் குரோமியத்தைத் திறந்து, முதல் பத்து ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு (எழுத்துருவும் கேஷும் அப்போதுதான் நிரம்பும், அதைக் கசிவு என்று நினைத்து ஏமாறக்கூடாது), பிறகு கலெக்டரைக் கட்டாயமாக ஓடவிட்டு நோட், லிசனர், ஹீப் அளவுகளை எடுப்போம். 200 தடவை ஏற்றி இறக்கி மறுபடி எடுப்போம். நோட்களும் லிசனர்களும் அதே எண்ணுக்குத் திரும்ப வேண்டும். 200 கூடியிருந்தால் ஏற்றத்துக்கு ஒன்று தங்குகிறது, 400 என்றால் இரண்டு. எண்ணே இடத்தைச் சொல்லிவிடும். ஹீப்புக்கு மட்டும் கொஞ்சம் சலுகை, அது எப்போதும் சற்று ஆடும். ப்ளாப் முகவரிகள் இந்த அளவுகள் எதிலும் தெரியாது என்பதால், உருவாக்கியதையும் ரத்து செய்ததையும் எண்ண ஒரு சிறு உறை போட்டோம்.

அறிவிப்புப் பேனலைப் பழைய நிரலோடு ஒருமுறை இந்தச் சோதனையில் ஓட்டிக் காட்டினேன். லிசனர் கச்சிதமாக 200 கூடியிருந்தது. "க்ளீனப் இருக்கே அண்ணே!" என்று தம்பி நிரலைக் காட்டினார். பிறகு எண்ணைப் பார்த்தார். பிறகு 'பைண்ட்' வரியைப் பார்த்தார்.

சர்வர் பக்கத்தில் ஒரு விடை

நோட் சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் ஒன்றரை நிமிடம் அசையாமல் நிற்கும் என்று ஒரு பழைய புகார் இருந்தது. 90 விநாடி என்பது, பையில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் வழக்கமான கெடு. முதலில் நிறுத்து என்று சிக்னல் அனுப்பும், கெடு முடிந்தும் ப்ராசஸ் போகாவிட்டால் கொன்றுவிடும். சர்வர் சிக்னலைக் கேட்டு ஒழுங்காக மூடத்தான் முயன்றது. ஆனால் டெபியன் 12 லினக்ஸுடன் வரும் நோட் 18-இல் சர்வரை மூடினால் புதிய இணைப்பை மட்டும்தான் மறுக்கும், அடுத்த கோரிக்கைக்காகத் திறந்தே வைத்திருக்கும் கீப்-அலைவ் இணைப்புகள் தாமாக முடியக் காத்திருக்கும். ஐந்து விநாடி சும்மா இருந்தால் இணைப்பு தானே மூடும். இங்கே யார் சும்மா இருந்தார்கள்? ப்ரௌசரில் திரியும் 240 அநாதை டைமர்கள் விநாடிக்குப் பன்னிரண்டு தடவை அதே இணைப்புகளைத் தட்டிக்கொண்டிருந்தன. முன்பக்கக் கசிவு பின்பக்கத்தைச் சாகவிடாமல் பிடித்திருந்தது. பேனல்களைச் சரிசெய்த பிறகு ரீஸ்டார்ட் சில விநாடியில் முடிகிறது. ஆனாலும் நம்பி விட்டுவிடாமல், நோட் 18.2-இல் வந்த, சும்மா கிடக்கும் இணைப்புகளை மூடும் அழைப்பையும் சேர்த்துவிட்டோம். 19-ஆம் பதிப்பிலிருந்து அதை நோட் தானே செய்கிறது.

இரவு ரீஸ்டார்ட் விஷயம். விடியற்காலை 4 மணிக்குப் பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்யும் வரியை வைத்தே இருக்கிறோம், கசிவுக்காக அல்ல. பேனலின் நிரல் மாறினால் புதியதை வேறு பதிப்பு எண்ணோடு இம்போர்ட் செய்யலாம், ஆனால் பழைய மாட்யூலை ப்ரௌசர் பக்கம் இருக்கும்வரை விடாது. இறக்குமதி செய்ததைத் திருப்பி அனுப்ப வழியே இல்லை. ஜாவா உலகில் ஓஎஸ்ஜிஐ போன்ற மாட்யூல் அமைப்புகள் மாட்யூலுக்குத் தனி கிளாஸ்லோடர் (நிரலை மெமரியில் ஏற்றும் பகுதி) கொடுத்து இதைச் சாதிக்கின்றன, அங்கேயும் மாட்யூல் தொடங்கிய ஒரு த்ரெட் நிற்காமல் ஓடினால் மொத்த கிளாஸ்லோடரும் தங்கிவிடும். அலுவலக வேலையில் டாம்கேட் என்ற ஜாவா சர்வரின் லாகில், த்ரெட்டைத் தொடங்கிவிட்டு நிறுத்தத் தவறியது, கசிவு வர வாய்ப்பு அதிகம் என்ற எச்சரிக்கையைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

இரண்டு பேனல் பகிரும் பொருள் யாருடையது என்ற கேள்வியும் வந்தது. விதி சுருக்கம்: பகிர்வது ஹோஸ்ட்டின் சொத்து, பேனல் இரவல் வாங்கும், பேரேடு மூடும்போது இரவல் திரும்பும். கடைசி ஆளும் திருப்பியபின் ஒரு நிமிடம் பொறுத்துத்தான் ஹோஸ்ட் அதை மூடும், ஏனென்றால் அடுத்த பேனல் உடனே கேட்கக்கூடும்.

இப்போது ஆறாவதாக ஒரு வீடியோ பேனல் வந்திருக்கிறது, பொங்கல் விழாப் பதிவுகளுக்கு. முதல் சோதனையிலேயே மாட்டியது. வீடியோ எலிமென்ட்டை மரத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, டிகோடரும் பஃபரும் உடனே விடுபடும் என்று நம்ப முடியாது. முதலில் நிறுத்தி, சோர்ஸ் பண்பை நீக்கி, ஒருமுறை லோட் அழைக்க வேண்டும். அந்த மூன்றும் வீடியோவை உருவாக்கும் வரிக்கு நேர் கீழே பேரேட்டில் ஏறியாகிவிட்டது. சோதனை பச்சை. ஒலியை எந்த அளவில் வைப்பது என்பது இன்னும் அலுவலகத்து அக்காவோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறது.